உப்பிட்டவரும் விலையிட்டவரும்

பணம் என்ற ஒன்று உலகில் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே மனிதன் உப்பை அறிந்திருந்தான். உப்பே பணமாக வழங்கிய காலமும் உண்டு. உரோமைப் பேரரசில் அலுவலர்க்கு அளிக்கப்பட்ட படித்தொகைக்குச் ‘சலாரியும்’ என்று பெயர். உப்பைக் குறிக்கும் ‘சால்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. அதன் வழித்தோன்றலே இன்று நம் இளைஞர் வாயில் வழங்கும் ‘சாலரி’. நம் தமிழகத்தில் உமணர் என்னும் உப்பு வணிகர் வண்டிகளில் உப்பேற்றி உள்நாட்டுக்குச் சென்று, நெல்லுக்கு ஈடாக அதனை மாற்றி வந்தனர் எனச் சங்கப் பாடல்கள் கூறுகின்றன. ‘சம்பளம்’ என்னும் சொல்லையே சம்பா என்றும் அளம் என்றும் பிரித்து, நெல்லும் உப்புமாகக் கூலி பெற்ற நாளின் எச்சம் அது என்பாரும் உளர். சொல்லின் பிறப்பு எவ்வாறாயினும், உழைப்பு, உப்பு, ஊதியம் ஆகிய மூன்றும் ஒரு காலத்தில் ஒன்றையொன்று பிரியாது நின்றன என்பதில் ஐயமில்லை.

இதனை நாம் எழுதுவது பிரம்மதேசத்திலிருந்து. கிழக்கே மரக்காணத்து உப்பளங்கள். அவற்றுக்கு அப்பால் குப்பங்களும் கடலும். மரக்காணமே சங்க நூல் கூறும் எயிற்பட்டினம் என்று ஆய்வாளர் பலர் கருதுவர். அங்குள்ள பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளிலும் உப்பளங்கள் பேசப்படுகின்றன. ஆயிரம் ஆண்டுகளாகத் தொழில் மாறாத ஊர்கள் நம் நாட்டில் மிகச் சில; அவற்றுள் ஒன்று இக்கரை. இன்றும் தை மாசியில் பாத்தி கட்டி, கழிநீரைத் தேக்கி, வெயிலில் காய வைத்து, உப்பு விளைந்ததும் வெறுங்காலோடு இறங்கி வாரி, கூடையில் சுமந்து வந்து அம்பாரமாகக் குவிக்கின்றனர். வடகிழக்குப் பருவமழை வந்தால் பாத்திகள் கரைந்து போகும். மூன்று மாதங்கள் கூலி இராது. அக்காலத்தில் வாங்கிய கடனை அடுத்த கோடையில் அடைக்க வேண்டும். உப்புத் தொழிலாளியின் ஆண்டுக் கணக்கு இவ்வளவே.

இத்தகைய குடும்பம் ஒன்றின் தலைவி, ஒரு தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, பூசை முடிந்த பின் நம்மிடம் வந்து கேட்டார்: “சாமி, ஓட்டுக்குக் காசு குடுத்தாங்க, வாங்கிட்டேன். வாங்கினவங்களுக்குப் போடாம வேற ஒருத்தருக்குப் போட்டா பாவமா?”

வாசகர்கள் இக்கேள்வியைச் சற்று உற்று நோக்க வேண்டும். காசு வாங்கியது பாவமா என்று அவர் கேட்கவில்லை. வாங்கிய காசுக்கு நன்றி மறப்பது பாவமா என்றே கேட்டார். அதாவது, குற்றத்தின் நடுவிலும் அவரது மனச்சாட்சி விழித்தே இருந்தது. ஆனால் தவறான திசையை நோக்கி விழித்திருந்தது. பணம் நம் சமுதாயத்துக்குச் செய்துள்ள தீங்குகளுள் இதனையே நாம் மிகப் பெரியதாக எண்ணுகிறோம். தீய குணத்தைத் தூண்டி மனிதனைக் கெடுப்பது பழைய வழி. நல்ல குணத்தைப் பிடித்தே அவனைக் கெடுப்பது புதிய வழி. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று நம் பாட்டிமார் கற்பித்த செஞ்சோற்றுக் கடன் இருக்கின்றதே, அதுதான் இன்று வீடு வீடாக விலைக்கு வாங்கப்படுகிறது.

இரகசிய வாக்கெடுப்பு என்பது எதற்காக ஏற்பட்டது? இங்கிலாந்தில் 1872 வரை வாக்காளர் தம் விருப்பத்தை எல்லார் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்லவேண்டியிருந்தது. பணம் கொடுத்தவன் அருகில் நின்று, தனக்குரியது கிடைத்ததா என்று எண்ணிக்கொண்டிருப்பான். அவ்வாண்டில் இரகசிய வாக்குச்சீட்டும், 1883இல் தேர்தல் செலவுக்கு உச்சவரம்பும் சட்டமாயின. வாங்கியவன் யாருக்குப் போட்டான் என்பதை அறிய வழியில்லாதபோது, விலை கொடுப்பவன் ஏமாளியாவான். ஆகவே வணிகம் தானே நின்றுவிடும் என்று கருதினர். அறிவுக்குப் பொருந்தும் கருத்தே. ஆயின் நம் ஊரில் அது பொய்த்தது ஏன்? இங்கே விலை கொடுப்பவன் மறைப்புக்குள் எட்டிப்பார்க்க வேண்டியதில்லை. விளக்கின் மீதும், பாலின் மீதும், பிள்ளையின் தலைமீதும் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினால் போதும். சத்தியம் வாங்காவிடினும் குற்றமில்லை. கைநீட்டி வாங்கிய ஏழை, வாங்கியதை மறக்கமாட்டான். கோடிகளை வாங்குவோர் எளிதில் மறக்கிறார்கள் என்பது வேறு கதை!

இவ்வணிகம் தமிழகத்தில் வளர்ந்த வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். கட்சிகளின் பெயர்களை நாம் இங்கே குறிப்பிடவில்லை. எந்தக் கட்சியின் கையும் தூயது என்று சான்றளிக்க நம்மால் இயலாது என்பதே காரணம்.

2009 சனவரியில் மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் ஓர் இடைத்தேர்தல் நடந்தது. அதுவரை இருளில், சேரிகளில், சில நூறுகளாக நடந்துவந்த விநியோகம், அங்கே வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு, விடுபடுவோர் இல்லாமல், ஒழுங்குமுறையோடு நடந்ததாகப் பேசப்பட்டது. சென்னையிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகம் தன் அரசுக்கு எழுதிய கடிதம் ஒன்று பின்னர் ‘விக்கிலீக்ஸ்’ வழியே வெளிப்பட்டு, 2011 மார்ச்சில் செய்தித்தாளில் வந்தது. தலைக்கு 5,000 ரூபாய், வாக்காளர் சீட்டுடன் உறையிலிட்டு, காலைச் செய்தித்தாளுக்குள் வைத்து வழங்கப்பட்டது என்று அதில் எழுதப்பட்டிருந்தது. ‘திருமங்கலம் பார்முலா’ என்னும் சொல்லைத் தமிழகம் அன்று கற்றுக்கொண்டது. ஓர் ஊரின் பெயர் இவ்வாறு நிலைத்துவிட்டதே என்று அவ்வூர் மக்களுக்காக நாம் வருந்தியதுண்டு.

அதன் பின்னர் நிகழ்ந்தவை விரைந்து நடந்தன. 2011 சட்டமன்றத் தேர்தலின்போது திருச்சியில் ஒரு தனியார் பேருந்தின் கூரையிலிருந்து ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் கைப்பற்றப்பட்டது. 2016 மே மாதத்தில் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் ஆகிய இரு தொகுதிகளின் தேர்தல்கள் பண விநியோகத்தின் காரணமாகவே ரத்து செய்யப்பட்டன. அவ்விரு தொகுதிகளிலும் வாக்குப்பதிவு நடந்தது அவ்வாண்டு நவம்பர் 19ஆம் நாள். 500 ரூபாயும் 1,000 ரூபாயும் செல்லாது என அறிவிக்கப்பட்டு அன்று பதினோராம் நாள்! கருப்புப் பணம் ஒழிந்தது என்று மகிழ்ந்தோர் பலர். ஆனால் அடுத்த ஏப்ரலிலேயே சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், வாக்குப்பதிவுக்கு மூன்று நாட்கள் இருக்கையில், அதே காரணத்துக்காக நிறுத்தப்பட்டது. நோட்டு மாறியது, கை மாறவில்லை. 2019 ஏப்ரலில் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியின் தேர்தல், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாட்களுக்கு முன் ரத்தாயிற்று. ஒரு சிமெண்டுக் கிடங்கில் வார்டு வாரியாகப் பிரித்துக் கட்டப்பட்டு, பதினொரு கோடி ரூபாய்க்கு மேல் இருந்தது. பணத்தின் காரணமாக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் இந்திய வரலாற்றில் ரத்தானது அதுவே முதன்முறை.

மூதறிஞர் இராஜாஜி 1922இல் வேலூர்ச் சிறையில் இருந்தபோது எழுதிய நாட்குறிப்பில், விடுதலை வந்த பின்னும் தேர்தல்களும் அவற்றின் ஊழலும் செல்வத்தின் கொடுங்கோன்மையும் மக்களை வாட்டும் என்று அஞ்சினார். வேலூரிலேயே அந்த அச்சம் மெய்யானது தற்செயலே. ஆயினும் படிப்போர் மனத்தை அது தைக்கிறது.

இனி, கணக்கு ஒன்று போடுவோம். குடும்பத்தில் பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு இதனைப் போடலாம். ஒரு சட்டமன்றத் தொகுதியில் இரண்டேகால் லட்சம் வாக்காளர் எனக் கொள்வோம். தலைக்கு ஆயிரம் என்றால் இருபத்திரண்டரைக் கோடி. பாதிப்பேருக்கே கொடுத்தாலும் பதினொரு கோடிக்கு மேல். சட்டமன்ற வேட்பாளர் செலவிடத் தேர்தல் ஆணையம் 2022இல் நிர்ணயித்த உச்சவரம்போ 40 லட்சம். சட்டமன்ற உறுப்பினரின் ஊதியம், 2018இல் உயர்த்தப்பட்டபடி, படிகள் அனைத்தும் சேர்த்து மாதம் 1 லட்சத்து 5 ஆயிரம். அறுபது மாதங்களுக்கு அது 63 லட்சம். பதினொரு கோடியை விதைத்து 63 லட்சத்தை அறுவடை செய்ய எந்த உழவன் முன்வருவான்? எஞ்சியது எங்கிருந்தோ வந்தாக வேண்டும். மணலிலிருந்து வரும், ஒப்பந்தத்திலிருந்து வரும், இடமாற்றத்திலிருந்து வரும், பட்டா மாற்றத்துக்கு அலைகிற விதவையின் முந்தானை முடிச்சிலிருந்து வரும்.

மறுபுறம், வாங்குபவரின் கணக்கு. ஓட்டுக்கு இரண்டாயிரம் கிடைத்தது என்றே வைப்போம். ஐந்தாண்டுகளின் நாட்களால் வகுத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு ரூபாய் பத்துக் காசு. ஒரு தேநீருக்கும் போதாது.

வாக்கு என்னும் இப்பொருள் நமக்கு எவ்வாறு வந்தது என்பதையும் நினைக்க வேண்டும். பிரம்மதேசம் என்னும் பெயரே ‘பிரமதேயம்’ என்பதன் திரிபு. அந்தணர்க்கு வரி நீக்கி அளிக்கப்பட்ட ஊர் என்பது பொருள். இப்பெயர் கொண்ட ஊர்கள் தமிழகத்தில் பல. அத்தகைய பிரமதேய ஊர்களுள் ஒன்றான உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டினார்கள். கணக்குக் காட்டாதவனும் அவன் சுற்றத்தாரும் நிற்கக்கூடாது, பிறர் பொருளைக் கவர்ந்தவன் நிற்கக்கூடாது என்றெல்லாம் அவ்விதிகள் கூறுகின்றன. மேடைதோறும் இதனைப் புகழ்கிறோம், புகழத்தக்கதே. ஆயின் அதே கல்வெட்டு, கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும் உடையவனே தகுதியுடையவன் என்றும் கூறுகிறது. நிலமற்றவனின் பெயர் அக்குடத்துக்குள் விழுந்ததே இல்லை. வெள்ளையர் ஆட்சியிலும் சொத்து, வரி, படிப்பு ஆகியவற்றைப் பொறுத்தே வாக்குரிமை இருந்தது. மரக்காணத்து உப்பளத்தில் இறங்கி வேலை செய்யும் பெண்ணுக்கு வாக்கு என்ற ஒன்று கிடைத்தது 1951-52ஆம் ஆண்டின் முதற் பொதுத்தேர்தலில்தான். ஆயிரம் ஆண்டுகளாகப் பணம் உடையவனுக்கு மட்டும் இருந்த ஒன்று, அரசியல் சட்டத்தால் இவருக்கும் சமமாக வந்தது. அதைத்தான் பணம் உடையவன் திரும்ப விலைக்கு வாங்கிச் செல்கிறான்.

இந்நாட்டில் உப்புக்கும் ஒரு காலத்தில் வரி இருந்தது. பணக்காரனும் ஏழையும் ஒரே அளவு உப்பையே உண்பதால், ஏழையின் முதுகிலேயே அவ்வரி அதிகம் அழுத்தியது. அதனை எதிர்த்து 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு இராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் நடந்தனர். வழியில் அவர்களுக்குச் சோறிட்டால் தண்டனை என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் அறிவித்தும், மக்கள் மரக்கிளைகளில் உணவுப் பொட்டலங்களைக் கட்டி வைத்தார்கள். உப்பு வரி 1947இல் நீங்கிற்று. அக்காலத்து எளிய மக்கள் அச்சுறுத்தலுக்கு மசியவில்லை என்பதை நினைத்தால், அவர்தம் பேரப்பிள்ளைகள் உறைக்கு மசிவது ஏன் என்ற கேள்வி எழாமல் இராது.

ஏழைகளை மட்டும் குற்றஞ்சாட்டுவது நம் நோக்கமன்று. அது நேர்மையும் ஆகாது. சின்ன உறை சேரிக்குப் போகிறது; பெரிய உறை மாளிகைக்குப் போகிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தில், யார் எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது மக்களுக்குத் தெரியாமல் காக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அத்திட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தனர். அதுவரை விற்ற பத்திரங்கள் 16,000 கோடி ரூபாய்க்கு மேல். பட்டியல் வெளியானபோது முதலிடத்தில் இருந்தது, 1,368 கோடிக்குப் பத்திரம் வாங்கிய, கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு லாட்டரி நிறுவனம். தமிழகத்திலோ குடும்பங்களை அழிக்கிறது என்று 2003லேயே லாட்டரிச் சீட்டு தடை செய்யப்பட்டுவிட்டது! பிற மாநிலங்களின் ஏழைகள் பத்தும் இருபதுமாகக் கொடுத்து வாங்கிய சீட்டுகளின் காசு, கட்சிகளின் கருவூலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இரகசியம் என்னும் ஒரே கருவி, எளியவனின் வாக்குக்குக் காவலாகவும் செல்வனின் நன்கொடைக்கு முகமூடியாகவும் பயன்பட்டிருப்பதை வாசகர்கள் கவனிக்கலாம்.

பதவியே ஏலத்துக்கு வரும் கொடுமையும் உண்டு. 2019 டிசம்பரில், உள்ளாட்சித் தேர்தலின்போது, பண்ருட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில் ஊராட்சித் தலைவர் பதவி 50 லட்ச ரூபாய்க்கு ஏலம் விடப்பட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. 2021 அக்டோபரில் நம் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோதும் இத்தகைய செய்திகள் வந்தன. ஏலத்தொகை பெரும்பாலும் ஊர்க்கோயில் திருப்பணிக்கு என்று சொல்லப்படுவதால், அது புண்ணியம் போலவே தோன்றிவிடுகிறது. கி.பி. 193இல் உரோமை நகரில், மன்னரைக் கொன்ற மெய்க்காவற் படையினர் பேரரசையே ஏலம் விட்டனர். தலைக்கு இருபத்தையாயிரம் செஸ்தெர்சுக் காசு தருவதாகக் கூறித் திதியுஸ் யூலியானுஸ் என்பவன் அதனை எடுத்தான். இரண்டு மாதங்களுக்குச் சற்று மேல் ஆண்டான். பின்னர் அவன் தலையும் போயிற்று. திருச்சபையும் இந்நோய்க்குத் தப்பவில்லை. மந்திரவாதி சீமோன் அப்போஸ்தலரிடம் பணத்தை நீட்டியதன் பெயராலே, திருப்பதவிகளை விற்பதும் வாங்குவதும் ‘சீமோனியம்’ எனப்பட்டது. 451இல் கூடிய கல்செதோன் பொதுச்சங்கம், காசுக்குக் குருப்பட்டம் கொடுக்கும் ஆயரைப் பதவியிறக்கச் சட்டம் வகுத்தது. சட்டம் வகுக்க வேண்டிய நிலை இருந்தது என்பதே அதன் பொருள்.

நம் கோவில்களையும் இங்கே சற்றுப் பார்ப்பது தகும். மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் உபயகாரரின் பெயர், நிலைக்கதவில் பெயர், திருவிழாத் தேருக்கு முன் நடப்பவர் யார் என்பதும் நன்கொடையின் அளவைப் பொறுத்தே. ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு செப்புக்காசு போட்ட கைம்பெண்ணை ஆண்டவர் கண்டு புகழ்ந்தார். இன்று அவர் பெயரை எந்த இறக்கையில் எழுதுவது? தேர்தல் காலத்தில் வேட்பாளர் வந்து, கோபுரத்துக்கு வர்ணம் அடித்துத் தருகிறேன், கெபிக்குக் கூரை போட்டுத் தருகிறேன் என்று சொல்வதும், ஊர்ப் பெரியோர் அதனைப் பெருமிதத்தோடு பங்குச் சாமியிடம் கொண்டுவருவதும் தமிழகத்தின் பல ஊர்களில் நிகழ்கின்றன. தனியாள் வாங்கும் இரண்டாயிரத்தைவிட இது கேடானது என்பது நம் கருத்து. வாங்க மறுத்தவனையும் சேர்த்து ஊரையே மொத்தமாக விற்றுவிடுகிறதன்றோ இது?

பணம் இக்கரையில் உயிரையே குடித்த நிகழ்ச்சியையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 2023 மே மாதம், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் மீனவர் குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்தில் இறந்தோரையும் சேர்த்தால் இருபதுக்கு மேல். அவர்கள் குடித்தது சாராயமே அன்று. தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்னும் நஞ்சு. மலிவாகக் கிடைத்ததை வாங்கி, நீர் கலந்து, காசாக்கினார்கள். ஒவ்வோர் உயிருக்கும் அரசு பத்து லட்சம் நிவாரணம் அறிவித்தது. விதவையின் அடுப்பு எரிய வேண்டும். அதனைக் குறை கூற மாட்டோம். ஆனால் அரசின் மதுக்கடைகளின் வழியே 2023-24இல் கருவூலத்துக்கு வந்த வருவாய் 45,000 கோடியைத் தாண்டியது என்பதையும் உடன் வைத்துப் படிக்க வேண்டும். அடுத்த ஆண்டே, 2024 சூன் மாதத்தில், கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் அதே நஞ்சால் மாண்டனர். குடிப்பவனின் கூலி ஒரு வழியாகக் கருவூலத்துக்கும் மறுவழியாகக் கள்ளச்சாராயக்காரனுக்கும் போகிறது. தேர்தல் வரும்போது அதில் ஒரு துளி புட்டியாகவும் உறையாகவும் அவனிடமே திரும்பி வருகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்குவது கடமை. அரசு ஏழைக்கு உதவுவதெல்லாம் லஞ்சம் என்று சிலர் பேசுகின்றனர்; பெரும்பாலும் வயிறு நிறைந்தவர்கள். பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டது லஞ்சமா? மழைக்காலத்தில் உப்புத் தொழிலாளருக்கு நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்க அண்மை ஆண்டுகளில் அரசு முன்வந்ததே, அது லஞ்சமா? இல்லவே இல்லை. அது சட்டமன்றத்தின் ஒப்புதலோடு, பொதுப்பணத்திலிருந்து, யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்காமல், தகுதியுள்ள எல்லாருக்கும் வருவது. அதனைக் கேட்டுப் பெற உரிமை உண்டு. பெற்ற பின் தலைகுனிய வேண்டியதும் இல்லை. உறையில் வருவதோ ஒரு தனியாளின் கள்ளப்பணம், கைமாறு கேட்பது, நாளை கேள்வி கேட்க வாயைத் திறக்கவிடாதது. இலவசத் தொலைக்காட்சி பற்றிய தமிழக வழக்கில் 2013 சூலையில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி அளிப்பது சட்டப்படி லஞ்சம் ஆகாது என்றது. ஆயினும் இலவசங்கள் நேர்மையான தேர்தலின் வேரை அசைக்கின்றன என்று கவலையும் தெரிவித்து, நெறிமுறை வகுக்கத் தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. கவலைக்கு இடமுண்டு என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது ஏழைக்குச் செய்யும் அநீதி.

இனி, அந்த அம்மாளின் கேள்விக்கு வருவோம். பலரும் மனத்தில் வைத்திருக்கும் கேள்வியாகையால் சற்று விரிவாகவே கூறுகிறோம்.

வாங்குவது குற்றமா? சட்டப்படி ஐயமின்றிக் குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1920 முதலே இது இருந்தது. 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 170, 173ஆம் பிரிவுகளின்படி கொடுப்பவரும் வாங்குபவரும் இருவருமே ஓராண்டுவரை சிறைக்கு உரியவர்கள். மனச்சாட்சிப்படி? விற்பனைக்கு உரியதல்லாத ஒன்றை விற்பது எப்போதும் ஒழுங்கின்மையே. வாக்கு நமது தனிச்சொத்தன்று. ஊரின் நன்மைக்காக நம் கையில் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. எனினும் பசியும் அச்சமும் குற்றத்தின் எடையைக் குறைக்கும் என்று அறநெறி இயல் எப்போதும் கற்பித்து வந்துள்ளது. மழை மூன்று மாதம் அடுப்பை அணைத்த வீட்டில் வாங்கிய கையையும், மாடிவீட்டில் உட்கார்ந்துகொண்டு ‘எங்கள் வீட்டில் ஆறு ஓட்டு’ என்று கணக்குச் சொல்லி வாங்கிய கையையும் ஒன்றாக எண்ண நாம் மறுக்கிறோம். ஓட்டுப்போடும் நாளின் கூலி போய்விடுகிறதே என்பது சிலர் கூறும் காரணம். அன்றைய கூலியைப் பிடித்தம் செய்யாமல் விடுமுறை தர வேண்டும் என்பது சட்டம். தினக்கூலிக்காரர்க்கும் அது பொருந்தும். அதனைக் கேட்டு வாங்க வேண்டியது வேலை கொடுப்பவரிடம்.

வாங்கிய பின், கொடுத்தவருக்கே போடவேண்டிய கடமை உண்டா? இல்லை. தீய செயலுக்காகச் செய்த ஒப்பந்தம் மனச்சாட்சியைக் கட்டாது. விளக்கின்மேல் செய்த சத்தியமாயினும் கட்டாது. தீமை செய்வதாக ஆணையிட்டவன், ஆணையை நிறைவேற்றினால் இரட்டைக் குற்றம் செய்கிறான். ஏரோது அரசன், விருந்தினர் முன் ஆணையிட்டுவிட்டோமே என்று அருளப்பரின் தலையை வெட்டக் கொடுத்தான். ஆணையைக் காத்தான் என்று எவரேனும் அவனைப் புகழ்ந்ததுண்டா? நன்றி என்பது அன்பினால் கொடுத்தவர்க்கு உரியது. உப்பிட்டவர் வேறு, விலையிட்டவர் வேறு. மழைநாளில் அரிசி கடன் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் உப்பிட்டவர். பட்டியலில் பெயரைப் பார்த்து, எண்ணைக் குறித்து, உறையைத் திணித்தவர் விலையிட்டவர். ஆகவே அந்த அம்மாளிடம் நாம் சொன்னது: “அம்மா, உங்கள் மனம் யாரை நல்லவர் என்கிறதோ அவருக்கே போடுங்கள். அதில் துரோகம் இல்லை.”

இதைக் கேட்டு, “அப்படியானால் எல்லாரிடமும் வாங்கிக்கொண்டு நம் விருப்பம்போல் போடலாமே!” என்று துள்ளும் இளைஞர்களை அறிவோம். அரசியல் மேடைகளிலும் சிலர் இப்படி அறிவுரை கூறியதுண்டு. அது சரியன்று. பொய்யான இசைவைக் காட்டிக் காசு பறிப்பது ஒரு தீமையை மற்றொரு தீமையால் மூடுவதாகும். மேலும், பதினெட்டு வயதில் முதன்முறை வாக்களிக்கப் போகும் பிள்ளை வீட்டில் இருக்கிறது. 1989 முதல் அவ்வயதினர்க்கும் வாக்குரிமை உண்டு. தந்தை மூன்று கட்சியிடமும் வாங்கி விளக்கடியில் எண்ணுவதை அப்பிள்ளை பார்க்கிறது. அது கற்றுக்கொள்வது தேர்தலைப் பற்றி மட்டுமா? வரன் பார்க்கும் நாளில், எவ்வளவு போடுவார்கள் என்று கேட்கவும் அங்கேதான் கற்கிறது. 1961லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தும் நம் பங்குகளில் ஓலை வாசிக்கப்படும் முன்பே பேரம் முடிந்துவிடுவது ஏன் என்று அடிக்கடி வியக்கிறோம். விடையை அந்த விளக்கடியில் தேடலாம்.

இன்னொரு கேள்வி எஞ்சியுள்ளது. கையில் இருக்கும் பணத்தை என்ன செய்வது? திருப்பிக் கொடுக்கலாம் என்போம். ஆனால் கொடுப்பவர் வாங்கமாட்டார். “எங்கள் வீட்டுப் பெயரை அடித்துவிடுங்கள்” என்று துணிந்து சொன்ன ஒரு குடும்பத்தை அறிவோம். வந்தவரோ, “மேலே கணக்குக் காட்டணும்” என்று உறையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினால் ஊர் வேடிக்கை பார்க்கும், பகையும் வரும்.

ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் அர்ச். தோமா அக்குயினாஸ் இத்தகைய பொருளைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார். களவு கொண்டதாயின் உடையவனிடம் சேர்க்க வேண்டும். ஆனால் கொடுத்தவனும் அநீதியாகக் கொடுத்து, வாங்கியவனும் அநீதியாக வாங்கிய பொருள் ஒன்று உண்டு, சீமோனியத்தில் போல. அதனை வாங்கியவன் வைத்துக்கொள்ளவும் கூடாது. கொடுத்தவன் திரும்பப் பெறவும் தகுதியற்றவன். அது தருமத்துக்கே போகவேண்டும் என்பது அவர் முடிவு. குருமடத்தில் இதனைப் படித்தபோது, உரோமைக் காலத்து ஆயர்களைப் பற்றியது என்று எண்ணிப் பக்கத்தைத் திருப்பிவிட்டிருப்போர் பலர். மரக்காணத்துக் கரையின் திண்ணையில் கிடக்கும் உறைக்கு அது அப்படியே பொருந்துகிறது. தன்னைவிட ஏழையான ஒருவரின் மருத்துவச் செலவுக்கோ, மழைக்காலத்தில் அடுப்பெரியாத வீட்டுக்கோ, பெயர் சொல்லாமல் அது போகட்டும். கோவில் உண்டியலுக்கு வேண்டாம்.

துணிவுடையவர்கள் இன்னும் ஒரு படி செல்லலாம். தேர்தல் காலத்தில் 1950 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் கூறலாம். கைப்பேசியில் ‘சி-விஜில்’ என்னும் செயலியின் வழியே படம் எடுத்து அனுப்பினால், அனுப்பியவர் பெயர் வெளிவராமல் பறக்கும் படைக்குச் செய்தி போகும். ஒரு வீடு மட்டும் இதனைச் செய்வது கடினம். தெருவில் பத்து வீடுகள் சேர்ந்து, உறை வேண்டாம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால், கொண்டுவருபவர் அத்தெருவைக் கடந்து போய்விடுவார். அடுத்து எந்தத் தேர்தல் அறிவிக்கப்பட்டாலும், வேட்புமனுத் தாக்கலுக்கு முன்னரே, அன்பியக் கூட்டத்தில் ஒருநாள் இதனைப் பேசி முடித்துவிடுவது நல்லது. உறை வந்த பிறகு பேச உட்கார்ந்தால், பேச்சு வேறு வழியில் போய்விடும்.